வெட்டாத படத்துக்கு ஒரு வழக்கு

நான் வழக்குப் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் வாயாரத் திட்டிவிட்டு, அரை மணித்தியாலத்தில் அதே ஆளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிற ஆள். அப்படிப்பட்ட நான், ஜெர்மனியில், ரூர் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் நீதிமன்றத்தில், ஒரு வீடியோக்காரத் தம்பிக்கு எதிராக வழக்காளி என்று உட்கார்ந்திருந்தேன். அதுவும் போட்ட வழக்கை நடுவிலே மாற்றிப் போட்ட வழக்காளி. அந்த மாற்றம் எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன்.

மகள் பெரியபிள்ளையானதும் அவளுக்குச் சாமத்தியவீடு வைத்தோம். மண்டபம் நிறைய ஆட்கள், பிரான்சிலிருந்து என் தம்பி குடும்பம், மேடை முழுக்கப் பூ. படம் எடுத்தது இந்த வீடியோக்காரத் தம்பி. எங்கள் பகுதியில் நடக்கிற கலியாணம், பிறந்தநாள், செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் அவர்தான். எழுத்தில் ஒப்பந்தம் என்று ஒன்றும் கிடையாது. என் கணவர் தொலைபேசியில் ‘தம்பி, இன்ன திகதி, வாரும்’ என்றார், அவர் ‘ஓம் அண்ணை’ என்றார், அவ்வளவுதான்.

அந்தச் சந்தோசம் அடங்குவதற்குள் என் கணவர் வேலைக்குப் போகிற வழியில் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே எல்லாம் முடிந்துவிட்டது.

அவருக்குப் படம் எடுக்கிறதில் விசர். எந்தப் பிறந்தநாள் என்றாலும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பார். அதனால் எங்கள் வீட்டுப் படங்களில் நான் இருக்கிறேன், மகள் இருக்கிறாள், கேக் இருக்கிறது, அவர் இல்லை. கடவுச்சீட்டுக்கு எடுத்த ஒரு படம்தான் சுவரில் தொங்குகிறது. அதில் அவர் யாரோ மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறார். போனில் குரல் பதிந்து அனுப்புகிற பழக்கமும் அவருக்கு இல்லை. யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்களை எனக்கும் அனுப்பிவிடுவார். ‘பக்கத்தில இருந்துகொண்டு எனக்கேன் பூ அனுப்புறியள்?’ என்று எத்தனை தடவை ஏசியிருப்பேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பான்ர குரல் எனக்கு ஞாபகம் வருகுதில்லை. முகம் வருகுது. குரல் வருகுதில்லை."

அப்போதுதான் சாமத்தியவீட்டுப் படம் நினைவுக்கு வந்தது. ஒரு முழு நாள், மூன்று கமரா. அவர் அதற்குள் இல்லாமல் எங்கே போவார்? அந்தப் படம் எனக்கு வேண்டும். இந்தக் கதை முழுவதும் நான் ஓடித் திரிந்தது அதற்காகத்தான்.

படம் ஏன் அதுவரை வரவில்லை என்றால், ‘அவுட்டோர்’ எடுக்கவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாமத்தியப்பட்ட பிள்ளையை மணப்பெண் மாதிரி வெளிக்கிடுத்தி, ஒரு பூங்காவுக்கோ பழைய கோட்டைக்கோ கூட்டிக்கொண்டு போய், நடக்கவிட்டு, திரும்பிப் பார்க்கவிட்டு, சினிமாப் பாட்டுக்குப் படம் எடுப்பார்கள். சாமத்தியவீட்டுப் படமே அதோடுதான் தொடங்கும். எங்களுடையதை, மழை விட்டபிறகு எடுப்போம் என்று தள்ளிப்போட்டோம். அதற்குள் அவர் போய்விட்டார். வீட்டில் ஒருவர் போனால் ஆண்டுத்திவசம் முடியும்வரை நாங்கள் கொண்டாட்டம் எதுவும் வைக்கமாட்டோம். அந்த வீடியோக்காரத் தம்பியே போன் எடுத்துச் சொன்னார்.

"அக்கா, அவசரமில்லை. ஆண்டுத்திவசம் முடியட்டும். பேந்து வடிவா எடுப்பம்."

நல்ல பிள்ளை என்று நினைத்தேன். ஆண்டுத்திவசமும் முடிந்தது. மகள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"நைன் அம்மா. அப்பா இல்லாமல் பூக்கண்டுகளுக்கு நடுவில நிண்டு நான் ஆரைப் பாத்துச் சிரிக்கிறது?"

நான் வற்புறுத்தவில்லை. வீடியோக்காரத் தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"தம்பி, அவுட்டோர் வேண்டாம். மண்டபத்தில எடுத்ததை அப்பிடியே தாரும். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

"அது ஏலாதக்கா. வெட்டாமல் ஒட்டாமல் குடுக்கிறது அவியாத சோத்தைப் பந்தியில வைக்கிற மாதிரி. நாலு பேர் பாத்தா என்ர பேர் என்னாகிறது?"

"எனக்கு அவிஞ்சாலென்ன அவியாட்டியென்ன? அவர் அதுக்குள்ள இருக்கிறார், பிள்ளை பாக்க வேணும்."

பிறகு "பாப்பம் அக்கா" என்றார். எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் அது மாட்டேன் என்பதற்கு மரியாதையான சொல். அதற்குப் பிறகு எப்போது எடுத்தாலும் "கார் ஓடுறன் அக்கா, பேந்து எடுக்கிறன்." அந்த ஆள் ஓடின ஓட்டத்துக்கு இலங்கைக்கே போய்ச் சேர்ந்திருப்பார். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வேலைசெய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில், பாத்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கத்தினேன்.

"நீர் இப்ப தராட்டில் நான் கோட்டுக்குப் போவன்!"

"போங்கோ அக்கா" என்றார்.

அந்தப் போங்கோவில் நக்கல்கூட இல்லை. களைப்புத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது நக்கலாகத்தான் கேட்டது. அடுத்த நாளே போனேன்.

வக்கீல் இல்லாதவர்கள் நீதிமன்றத்திலேயே ஒரு அறைக்குப் போய் வாயால் சொன்னால் அவர்கள் வழக்காக எழுதிக்கொள்வார்கள் என்று என்னோடு வேலைசெய்கிற ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்த அறையில் கட்டை முடியோடு ஒரு பெண் இருந்தார். என் ஜெர்மன் வேலையிடத்து ஜெர்மன். உருளைக்கிழங்கு, உப்பு, கதவைச் சாத்து, இதெல்லாம் நன்றாக வரும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?"

நேரான கேள்வி. நேரான பதிலும் என்னிடம் இருந்தது. ஆனால் அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நாங்கள் கடையில் புடவைக்கு விலை பேசிப் பழகிய ஆட்கள். கூடக் கேட்டால்தான் வேண்டியது கிடைக்கும். கொஞ்சமாகக் கேட்டால் அதிலும் பாதிதான் தருவார்கள். நீதிபதியும் மனிதர்தானே, அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் என்று இறக்குவார், இறங்கி இறங்கிக் கடைசியில் நான் விரும்புகிற இடத்தில் வந்து நிற்பார் என்று கணக்குப் போட்டேன். ஆகவே எல்லாவற்றையும் கேட்டேன். முழுதாக முடித்த படம், அவுட்டோரோடு, பாட்டுகளோடு, மகள் முகில்களுக்கு நடுவிலிருந்து இறங்கி வருகிற காட்சியோடு, தடித்த அட்டை போட்ட அல்பத்தோடு. அந்தப் பெண் முகில் என்கிற இடத்தில் மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மற்றபடி எல்லாவற்றையும் அச்சடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வருகிற வழியில், சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீடியோக்காரத் தம்பியின் பதில் வந்தது. படத்தை முடித்துத்தரத் தான் எப்போதும் தயார் என்றும், வழக்காளியின் மகள் அவுட்டோருக்கு வர மறுப்பதால் கேட்கப்பட்ட படத்தை முடிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். அட, நான் சொன்னதையே எடுத்து எனக்கே அடித்திருக்கிறான்! அதற்குப் பின்னால் நீதிபதியிடமிருந்தும் ஒரு கடிதம். மகள் குசினி மேசையில் வைத்து வாசித்தாள், திரும்ப வாசித்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னவாம்?"

"நீங்கள் கேட்டது அனேகமாக் கிடைக்காதாம். நீங்கள் கேக்காதது ஒருவேளை கிடைக்குமாம். ஆனா அதை நீங்கள் கேக்கேல்லையாம்."

"என்ன விசர்க்கதை இது? வடிவா வாசி."

"வடிவாத்தான் வாசிக்கிறன். வெட்டாத படம் வேணுமெண்டால் நீங்கள் வழக்கை மாத்த வேணும். அதுக்கு ஜெர்மனில பேர் கிளாகெஎண்டருங். மாத்திறதுக்கு அவர் சம்மதிக்க வேணும். சம்மதிக்காட்டி, மாத்திறது பிரயோசனமெண்டு நீதிபதி நினைக்க வேணும்."

"என்ர வழக்கை நான் மாத்திறதுக்கு அவனிட்டையோ கேக்கிறது? கோதாரி விழுந்த சட்டம்!"

"என்னைப் பேசாதேங்கோ, நானே எழுதினனான்?"

மறுபடி கட்டைமுடிப் பெண்ணிடம் போனேன். மண்டபத்தில் எடுத்ததை வெட்டித்தானே முடித்த படம் வருகிறது, முழுப்படத்தைக் கேட்டவளுக்கு எடுத்தது அதற்குள் அடக்கம்தானே, பெரிதைக் கேட்டேன், சிறிதைத் தந்துவிட்டுப் போகட்டுமே என்று கைகாலெல்லாம் ஆட்டிக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆலோசனை சொல்லத் தனக்கு அனுமதியில்லை, எழுதிக்கொள்ள மட்டும்தான் முடியும் என்றார். பிறகு பாவப்பட்டோ என்னவோ ஒன்றைச் சொன்னார். நீதிபதி கேட்டதில் குறைத்துத் தரலாம், கேட்காத வேறொன்றைத் தரமுடியாது. வெட்டாத படம் குறைவானது இல்லை, வேறானது.

வேறானது! நான் வீடுவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அதே நாள், அதே மண்டபம், அதே கமராக்கள். அதில் எது வேறு? எனக்கு இன்றைக்கும் அது குறைவாகத்தான் தெரிகிறது.

சரி, மாற்றுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் உட்கார்ந்தோம். கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டுமாம். நாளைக்கு நீதிமன்றத்து ஆள் போய் எடுக்க வேண்டி வந்தால், எதை எடுப்பது என்று அவருக்கு விளங்க வேண்டுமாம்.

"அப்பா வாற துண்டுகள் எண்டு எழுது" என்றேன்.

"அம்மா, அந்தாளுக்கு அப்பாவைத் தெரியுமோ?"

"அப்ப அடையாளத்தைச் சொல்லுவம். பட்டு வேட்டி, சரிகைக்கரை."

"வேட்டியோ? அப்பா கறுத்தக் காற்சட்டையெல்லோ போட்டிருந்தவர்."

"வேட்டிதான். நான்தானே மடிச்சு வைச்சனான்."

"காலமை கட்டினவர். பேந்து கார் விடுற இடத்தில ஆக்களுக்கு வழி காட்டப் போறதுக்குக் கழட்டிப்போட்டார். நான் கண்டனான்."

மேடையில் அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று யோசித்தேன். மேடையில் என் தம்பி நின்றான், தாய்மாமன் அல்லவா. மாமிமார் வரிசையாக ஆலாத்தி எடுத்தார்கள். நான் தட்டுகள் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவர் எங்கே நின்றார்? எங்கள் சாமத்தியவீட்டில் தகப்பனுக்கு மேடையில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. வாசலில் நிற்பார், சாப்பாட்டுப் பக்கம் நிற்பார், ஐஸ் முடிந்துவிட்டது என்று ஓடுவார். எவ்வளவு யோசித்தும் மேடையில் அவர் நின்ற ஒரு இடம்கூட என் கண்ணுக்குள் வரவில்லை. அந்த யோசனையை அப்படியே விழுங்கிவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் கேப்பம் அம்மா" என்றாள் அவள். "அண்டைக்கு அந்த மண்டபத்தில எடுத்த எல்லாத்தையும், எல்லாக் கமராவிலயும் இருந்து, வெட்டாமல்."

ஒரே ஒரு வசனம். முகிலும் அல்பமும் எல்லாம் போய்விட்டன. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி டெர்மின், அதாவது தவணை, வந்தது.

அன்றைக்கு நீதிமன்ற நடைபாதையில் நீள வாங்கு ஒன்றில் அந்த வீடியோக்காரத் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தார். வக்கீல் இல்லை. எங்களைக் கண்டதும் எழும்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாகத்தான் வீட்டிலிருந்து தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

"எப்பிடியக்கா? பிள்ளை நல்லா வளந்திட்டா."

"ஓம் தம்பி. உம்மட வீட்டில எல்லாரும் சுகமோ?"

"அம்மாவுக்குத்தான் முழங்கால் ஏலாது."

"எண்ணெய் பூசிப்போட்டு வெந்நீர் ஒத்தணம் குடும். சும்மா மாத்திரையைக் குடுத்து வயித்தைக் கெடுக்காதேயும்."

கதவைத் திறந்த நீதிபதி, என் வயதுப் பெண், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவரோடு ஒருவர் வழக்காடுகிறவர்கள் நீங்கள்தானா என்று கேட்டார். ஓம் என்றோம். அவர் முகத்தில் தெரிந்த குழப்பம் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எல்லாக் குழப்பத்தையும் நான் ஒருத்தியே ஏன் சுமக்க வேண்டும்?

உள்ளே மகள் பின்வரிசையில் உட்கார்ந்தாள். நீதிபதி மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரிப் பேசினார். ஒரு வருடம் ஏன் பொறுத்திருந்தீர்கள் என்று கேட்டார். செத்தவீடு நடந்த வருடத்தில் நகை போட்டுப் படம் எடுக்கமாட்டோம் என்றேன். அது இந்த அம்மாவின் மதமா என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். ‘எங்கள் இரண்டு பேருடைய பழக்கம்’ என்று தம்பி சொன்னார். அந்த வருடம் அவர் பொறுத்தது உங்களுக்கான மரியாதை, அதைத் தாமதம் என்று நீங்கள் வழக்கில் எழுதியிருக்கிறீர்கள், சரியா என்று என்னிடம் கேட்டார். சரிதான். இல்லை, சரியில்லை. எனக்கே தெரியவில்லை என்று சொன்னேன். அதையும் அவர் தன் கையிலிருந்த சின்னப் பதிவுக்கருவியில் சொல்லிப் பதிந்துகொண்டார்.

பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டார். வழக்காளி தன் கோரிக்கையை மாற்றியிருக்கிறார், முடித்த படம் வேண்டாம், அன்றைக்கு எடுத்தது எல்லாம் வெட்டாமல் வேண்டும் என்கிறார். இந்த மாற்றத்துக்குச் சம்மதமா?

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உதை ஏன் கேக்கிறியள்? விடுங்கோவன்."

"விடவோ? ஏன் விட வேணும்?"

"அதுக்குள்ள ஒண்டுமில்லை அக்கா."

ஜெர்மனில் பேசுங்கள் என்றார் நீதிபதி. தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னார். அந்த மனிதர் படத்தில் இல்லை. அவர் இறந்த செய்தி கேட்டதும் நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்று கமராவிலும் தேடினேன். மேடையில் அவர் நின்ற ஒரு துண்டுகூட இல்லை. ஒரு இடத்தில் தோள், ஒரு இடத்தில் முதுகு. இவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார்.

நீதிபதி பதிவுக்கருவியை நிறுத்தினார். தம்பி தமிழுக்கு மாறிவிட்டார். யாரும் தடுக்கவில்லை.

"அவுட்டோரை எடுத்தா, பிள்ளை நடக்கேக்க மேல முகிலுக்குள்ள அண்ணையின்ர படத்தை வைக்கலாமெண்டு நினைச்சனான். பாட்டோட பாத்தா உங்களுக்கு மனசு நிறைஞ்சிடும், மண்டபத்தில அவர் இல்லையெண்டு தெரியாமல் போயிடுமெண்டு நினைச்சனக்கா. அதுதான் அவுட்டோர் அவுட்டோர் எண்டு நிண்டனான்."

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. முகிலுக்குள் வைக்கிறதாம்! அந்தக் கடவுச்சீட்டு முறைப்பை!

நீதிபதி என்னைப் பார்த்தார். தம்பி தமிழில் சொன்னதை மகளைக்கொண்டு ஜெர்மனில் சொல்லவைத்த பிறகு, மெதுவாகக் கேட்டார். இப்போது கேட்டதற்குப் பிறகும் மாற்றிய கோரிக்கையில் நிற்கிறீர்களா?

வேண்டாம் என்றால் அவர் அதற்குள் எங்கேயோ இருக்கிறார், இந்தத் தம்பி சரியாகப் பார்க்கவில்லை என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருக்கலாம். வேண்டும் என்றால் அவர் இல்லாத படத்தை மணிக்கணக்காக இருந்து பார்க்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கேட்டேன், பிறகு அவரை மட்டும் கேட்டேன், இப்போது அவர் இல்லாததைக் கேட்கிறாயா என்று கேட்கிறார்கள். எனக்கு என்ன வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, ஓமெண்டு சொல்லுங்கோ. அப்பான்ர முதுகெண்டாலும் காணும்."

"யா" என்றேன் நீதிபதியிடம்.

"அப்ப நானும் ஓம்" என்றார் தம்பி. வழக்கு மாறியது. அவர் எல்லாவற்றையும் கொண்டுவந்து தருவது என்று அங்கேயே சமாதானமாக எழுதினார்கள். நீதிபதி தான் பதிந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டி, சரியா என்று கேட்டார். இரண்டு பேரும் தலையாட்டினோம். நான் வென்றேனா தோற்றேனா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவரே வீட்டுக்கு வந்தார், சின்னப் பெட்டிமாதிரி ஒரு வன்தட்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு. மகள் அதை டிவியில் பொருத்தினாள். தந்துவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் அவர் போகவில்லை, கதிரை நுனியில் இருந்தார். எனக்கும் போகச்சொல்ல மனம் வரவில்லை.

படம் ஓடியது. நாதஸ்வரம், பிள்ளைகளின் கூச்சல், கதிரை இழுக்கிற சத்தம். என் தம்பி வந்தான், மாமிமார் வந்தார்கள், யாரென்றே தெரியாத ஆட்கள் வந்து வந்து சாப்பிட்டார்கள். ஒருவர் வடையைக் கைக்குட்டைக்குள் சுற்றி வைத்தார். ஒரு தோள் போனது. மகள் நிறுத்திக் கிட்டப்போய்ப் பார்த்தாள். ஒரு முதுகு, கறுத்தக் காற்சட்டை. அவள் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எனக்குத் திரும்பவும் கோபம் வந்துவிட்டது.

"ஊரில இருக்கிற எல்லாரையும் எடுத்தனீர், வீட்டுக்காரனை எடுக்கத் தெரியேல்லையோ உமக்கு?"

"பிள்ளையை எடுக்கத்தானே அக்கா கூப்பிட்டனியள்" என்றார் அவர், நிமிராமல்.

எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். இனிப் பார்க்க என்னால் முடியாது. அவர்கள் பார்க்கட்டும். கோப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாரும்!"

"நில்லுங்கோ, வாறன்" என்றேன்.

சொன்ன பிறகுதான், என்னை இஞ்சாரும் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் யார் என்று உறைத்தது. கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். மகள் டிவிக்கு முன்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தம்பி எழும்பி நின்றார்.

"அண்ணையின்ர சத்தம்" என்றார். "நான் சத்தம் வைச்சுப் பாக்கேல்லை அக்கா. நாங்கள் சத்தத்தை எடுத்துப்போட்டுப் பாட்டுத்தானே போடுறது. அண்ணை எனக்குப் பின்னால நிண்டு கதைச்சது மறந்தே போச்சு."

மகள் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். படத்தில் ஒரு மேசை, சாப்பாட்டுத் தட்டுகள், ஆட்கள் யாரும் இல்லை. கமராவுக்குப் பின்னாலிருந்து என் கணவர் பேசினார்.

"தம்பி, சாப்பிட்டனீரோ? காலமை துடக்கம் நிக்கிறீர், முதல்ல சாப்பிடும். பொறும், பொறும், அதுக்கு முன்னம் என்ர மனிசியை ஒருக்கா எடும். அவவும் காலமை துடக்கம் ஓடித் திரியிறா, ஒருத்தரும் அவவை எடுக்கேல்லை. அங்கை பாரும், அந்தப் பச்சைச் சீலை."

கமரா திரும்பியது. அங்கே நான் நின்றேன். கொண்டை குலைந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி யாரையோ தேங்காய்க்காக ஏசிக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாரும்!" என்று அவர் கூப்பிட்டார். "இஞ்சாலை ஒருக்காத் திரும்பும்!"

"பொறுங்கோ, வேலையா நிக்கிறன்" என்றாள் படத்தில் நின்றவள், திரும்பாமலே.

அவர் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ தடவை கேட்ட சிரிப்பு. மகள் விம்மி விம்மி அழுதாள். ‘அப்பாதான், அப்பாதான்’ என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் பின்னால் ஓட்டிப் போட்டாள். அவர் திரும்பவும் கூப்பிட்டார். கமராவுக்குப் பின்னால், அந்த மேசையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உயிரோடு நின்று என்னைக் கூப்பிட்டார். பச்சைச் சீலைக்காரி தேங்காயைப் பற்றியே கதைத்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பனடி!" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். "ஒருக்காத் திரும்பனடி!"